எழுதும் நேரத்தைத் தின்னாத தளம்

சென்னைப் புத்தகக் காட்சியில் ஓர் இளம்பெண் என்னைத் தேடி வந்து பேசினார். அரசுப் பள்ளி ஆசிரியை. முகநூலில் அவரை எட்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். "சார், போன வருஷம் கதைத் தொகுப்பு போட்டேன். எட்டாயிரம் பேர்ல நாப்பது பேர்தான் வாங்கியிருக்காங்க. இன்ஸ்டாகிராமும் ஆரம்பிக்கணுமா, இல்ல யூடியூப் போகணுமா?" என்று கேட்டார்.

"போன வருஷம் எத்தனை கதைம்மா எழுதுனீங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு" என்றார்.

"அதுக்கு முந்தின வருஷம்?"

"பதினொண்ணு. அப்ப நான் முகநூல்ல அவ்வளவா இல்ல சார்."

நின்றபடியே அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன். தமிழில் கதையோ கட்டுரையோ எழுதுகிற, பகலில் வேறு வேலை பார்க்கிற, வாசகர்களும் வேண்டும் என்று நினைக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு. வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்துக்கொள்கிற ஒருவருக்கு எழுத எவ்வளவு நேரம் கிடைக்கும்? காலை ஐந்து முதல் ஆறரை வரை, வாரத்தில் ஐந்து நாள். அது ஏழரை மணி நேரம். ஞாயிறு மதியம் வீடே உறங்கும்போது இரண்டரை மணி நேரம். ஆக வாரத்துக்குப் பத்து மணி நேரம். மணிக்கு 300 சொல் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 3,000, ஆண்டுக்கு 1,56,000 சொல். இப்போது வாரம் மூன்று பதிவு போடுகிறீர்கள். ஒரு பதிவை எழுத நாற்பது நிமிடம், அதற்கு வரும் பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்ல இன்னொரு நாற்பது நிமிடம். நான்கு மணி நேரம் போயிற்று. மிஞ்சும் ஆறு மணி நேரத்தில் ஆண்டுக்கு 93,600 சொல்தான் தேறும். கையை விட்டுப் போன 62,400 சொல் ஒரு நாவலின் அளவு. யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை, நாமாகத்தான் கொடுத்தோம்.

நானும் இப்படி இரண்டு ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறேன். ஒரு சமூக ஊடகத்தில் நாள்தோறும் ஒரு பதிவு. அறுநூறு பதிவுகளை நெருங்கியபோது யாரோ செய்த புகாரில் கணக்கு முடங்கியது. மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. ஆனால் எழுதியவற்றில் பாதியை என்னால் தேடி எடுக்க முடியவில்லை. வேறெங்கும் நகல் வைத்திருக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டும் மேசையில் கிடந்த நாவல் நான்காம் அத்தியாயத்தைத் தாண்டவே இல்லை. இந்தக் கட்டுரையில் நான் எங்கேயாவது கண்டிப்பாகப் பேசினால் அதுதான் காரணம்.

அச்சு இதழ்களின் காலத்தில் இந்தச் சுமை எழுத்தாளர் தலையில் இல்லை. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே வார இதழ்களுக்குத் தொடர்கதை எழுதினார். பிழை திருத்துவது, படம் வரையச் சொல்வது, அச்சடிப்பது, கடைக்குக் கொண்டுசேர்ப்பது எல்லாம் இதழின் வேலை. இன்று அச்சகமும் தபால்காரரும் விளம்பரப் பலகையும் நாமேதான். இந்தக் கூடுதல் வேலையை எந்தத் தளம் குறைக்கிறது, எது கூட்டுகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கே கூட்டம் அதிகம் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

எந்தத் தளமானாலும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். எழுதியதையெல்லாம் ஒரே கோப்பாக வெளியே எடுக்க வழியிருக்கிறதா? அந்தத் தளமே நாளை இல்லாமற்போனால் உங்கள் வாசகரை உங்களால் மறுபடி கூப்பிட முடியுமா? நீங்கள் ஒரு மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் நீங்கள் முன்பு எழுதியது அங்கே படிக்கப்படுமா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. நேரத்தைக் காப்பது அதுதான். 2012இல் ஒருவர் வலைப்பூவில் எழுதிய நூல் மதிப்புரை இன்றும் கூகுள் தேடலில் வரும். அந்த நாவலின் பெயரைத் தட்டுகிறவர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதையும் படிப்பார். எழுதியவர் அப்போது தூங்கிக்கொண்டிருக்கலாம். அதே மதிப்புரையை முகநூலில் போட்டிருந்தால் இரண்டு நாள் பேச்சு, பிறகு எழுதியவரே தேடினாலும் அகப்படாது. ஓடிக்கொண்டே இருந்தால்தான் கண்ணில் படுவோம் என்கிற இடம் நம் காலை நேரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தளங்கள் சாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரில். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று இணையத் தமிழின் தொடக்க கால உரையாடல்கள் நடந்த யாகூ குழுமங்களின் பழைய மடல்களை 2019 டிசம்பரில் அந்த நிறுவனம் நீக்கத் தொடங்கியது, அடுத்த ஆண்டு குழுமங்களையே மூடியது. முகநூலில் நீண்ட கட்டுரைகளுக்கென்று இருந்த 'நோட்ஸ்' வசதி 2020 அக்டோபரோடு நின்றது. இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. இந்திய மொழிகளுக்காகவே வந்த கூ 2024இல் கடையைக் கட்டியது. இவற்றில் ஒன்றிலாவது எழுதியதைத் தொலைத்த நண்பர் உங்களுக்கும் இருப்பார்.

இங்கே ஓர் உபயோகமான செய்தி. பழைய பிளாகர் சுட்டிகளில் பல 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று முடியும். 2020இல் அந்த முகவரி கூகுளின் கையை விட்டுப் போனதால் அவை திறப்பதில்லை. பதிவுகள் அழியவில்லை. 'இன்' என்பதை 'காம்' என்று மாற்றினால் திறந்துகொள்ளும். உங்கள் பழைய கட்டுரைகளுக்கான சுட்டிகள் எங்கெங்கே கிடக்கின்றனவோ அங்கெல்லாம் மாற்றிவிடுங்கள்.

முதலில் ஒரு சொந்த முகவரி

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது தன் பெயரில் ஓர் இணைய முகவரி. பெயரைப் பதிவு செய்ய ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். தளத்தைப் பிளாகரில் வைத்தால் இடத்துக்குத் தனியாகச் செலவில்லை, உங்கள் பெயரையே அதன்மேல் மாட்டிக்கொள்ளலாம். வேர்ட்பிரஸில் வசதி அதிகம். ஆனால் புதுப்பிப்பு, பாதுகாப்பு என்று அது கேட்கும் வேலையும் அதிகம். கணினியோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர் பிளாகரிலேயே இருக்கலாம். இரண்டிலிருந்தும் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறவும் முடியும்.

"வலைப்பூவெல்லாம் இப்போ யார் படிக்கிறா?" என்று கேட்பார்கள். 2004இல் வந்த தமிழ்மணம் திரட்டி எல்லா வலைப்பூக்களையும் ஒரே பக்கத்தில் காட்டிய காலத்தில் இருந்த கூட்டம் இன்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஜெயமோகன் வெண்முரசு நாவல் வரிசையை எங்கே எழுதினார் என்று நினைத்துப் பாருங்கள். 2014 ஜனவரி 1 அன்று தொடங்கி 2020 ஜூலை வரை, 26 நாவல்கள். தன் தளங்களில் நாள்தோறும் அத்தியாயமாக வெளியிட்டார். முகநூல் உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகள்தான் அவை. அவருடைய தளத்தில் வாசகர் கடிதங்களும் பதில்களும் வெளியாகும், உடனடிச் சண்டைக்கு இடம் கிடையாது. அந்த வாசகர்களிலிருந்துதான் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் வளர்ந்தது. 2010 முதல் கோவையில் ஆண்டுதோறும் விருது விழா நடக்கிறது. அவருடைய வேகம் நமக்கு வராது, வர வேண்டியதும் இல்லை. அவர் அமைத்துக்கொண்ட முறையைப் பாருங்கள். எழுத்து ஒரே இடத்தில், வாசகர் தொடர்பு கடிதத்தில். அதை மாதம் ஒரு கட்டுரை எழுதுகிறவரும் செய்யலாம்.

உங்கள் தளத்தில் பின்னூட்டப் பெட்டியை மூடிவிட்டு ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள் என்பேன். மெனக்கெட்டு அஞ்சல் எழுதுகிறவர் படித்துவிட்டுத்தான் எழுதுவார். பத்துப் பேர் எழுதினாலும் அவர்களுடைய முகவரி உங்களிடம் இருக்கும். அடுத்த புத்தகம் வரும்போது அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பதிவு வெளியாகும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் உண்டு. இந்திய நேரம் காலை ஆறரைக்கு வைத்துப் பாருங்கள். அப்போது சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் காலை ஒன்பது மணி. டொராண்டோவில் முந்தின நாள் இரவு எட்டு அல்லது ஒன்பது மணி, வேலை முடித்து வந்து சாப்பிட்டு உட்காரும் நேரம். மதுரையில் முதல் காபி. உலகத் தமிழ் வாசகர்களில் பெரும்பகுதியினர் கண்விழித்திருக்கும் வேளை அது. அந்த நேரத்தில் நீங்கள் இணையத்தில் இருக்க வேண்டியதில்லை. அடுத்ததை எழுதிக்கொண்டிருக்கலாம்.

இதழ்களை மறந்துவிடாதீர்கள்

சிறுகதை, கவிதை, விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு நேரம் மிச்சமாகும் வழி இணைய இதழ்தான். தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கிய திண்ணை, கனடாவிலிருந்து வ.ந.கிரிதரன் நடத்தும் பதிவுகள், 2009 முதல் வரும் சொல்வனம், மலேசியாவின் வல்லினம், பிறகு வந்த கனலி, யாவரும் என்று தமிழில் இவற்றுக்குக் குறைவில்லை. சன்மானம் பெரும்பாலும் இல்லை. ஆனால் கதையை ஓர் ஆசிரியர் படிக்கிறார். தளர்ந்த இடத்தைச் சில சமயம் சொல்கிறார். வாசிக்கத் தெரிந்த கூட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அனுப்பிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. எட்டாயிரம் விருப்பக்குறிகளைவிட நல்ல இதழில் வந்த ஒரு கதை பதிப்பாளரிடம் அதிகம் பேசும்.

அந்த ஆசிரியை செய்த தவறு ஒன்று இங்கே வருகிறது. கதையை முதலில் முகநூலில் போட்டுவிட்டு, பாராட்டு வந்த பிறகு இதழுக்கும் போட்டிக்கும் அனுப்பியிருக்கிறார். தமிழில் இதழ்களும் சிறுகதைப் போட்டிகளும் அநேகமாக 'வேறெங்கும் வெளிவராத படைப்பு' என்று கேட்கும். முகநூலும் வலைப்பூவும் அதில் அடக்கம். முதல் வெளியீடு என்கிற உரிமை ஒரு கதைக்கு ஒரே ஒருமுறைதான் உண்டு. முதலில் இதழுக்கு அனுப்புங்கள். வெளியான பிறகு சுட்டியைப் பகிருங்கள். சில மாதம் கழித்து, இதழின் சம்மதத்தோடு உங்கள் தளத்தில் சேர்த்துவையுங்கள்.

முகநூலை எப்படி வைத்துக்கொள்வது

விட்டுவிடச் சொல்ல மாட்டேன். தமிழ் வாசகர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். வெளியீட்டு விழா, புதிய நூல், இதழில் வந்த கதை என்று செய்தி சொல்ல அதைவிடச் சுலபமான இடம் இல்லை. செய்தி சொல்லும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நட்பு வட்டம் 5,000 பேரோடு நின்றுவிடும். தனிப் பக்கம் தொடங்கினால் எண்ணிக்கைக்கு எல்லை இல்லை. ஆனால் 2018 ஜனவரியில் அந்த நிறுவனம் நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தபோது, பாடுபட்டுப் பக்கம் வளர்த்தவர்களின் பதிவுகள் பின்னுக்குப் போயின. கூட்டம் நம்முடையதாக இருந்தாலும் கதவு அவர்களுடையது.

முகநூலின் பெரிய செலவு சச்சரவு. ஒரு விருது அறிவிப்பு வந்தால் மூன்று நாள் வாக்குவாதம் நடக்கும். அதில் கலந்துகொண்ட எழுத்தாளருக்கு அந்த வாரம் கதை வராது. உடம்பு மேசையில் இருந்தாலும் மனம் அந்தப் பதிலிலேயே நிற்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். முடியாத ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, புதிய வேலை அதனால் கெடுகிறது என்று அவர் காட்டினார். முகநூல் வாக்குவாதம் என்பது முடியாத வேலையேதான். எழுதும் நாளில் காலையில் அதைத் திறக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

எக்ஸ் தளத்தில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. 280 எழுத்து என்பார்கள். 'தமிழ்' என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து, அதன் கணக்கில் ஐந்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். நறுக்கென்று எழுதப் பழக அது நல்ல பயிற்சிதான், கட்டுரையாளருக்கு உகந்த இடம் இல்லை. இன்ஸ்டாகிராமில் கவிதையைப் படமாக்கிப் போடுகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடி எடுப்பது கடினம். ஒரு கவிதைக்கு அரை மணி நேரம் எழுத்துரு தேடுவதிலும் நிறம் பொருத்துவதிலும் போகும். இந்த இரண்டு தளங்களும் ஏற்கெனவே கைவந்தவர்கள் தொடரலாம். புதிதாகக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை.

தொடர்கதையும் கிண்டிலும்

குடும்ப நாவல், காதல், திகில், துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுடைய வாசகர்கள் பிரதிலிபியிலும் கிண்டிலிலும் இருக்கிறார்கள். பிரதிலிபி 2014இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். தமிழில் வாசகர்களும் எழுதுகிறவர்களும் அங்கே மிக அதிகம். குறிப்பாகப் பெண்கள். வீட்டு வேலைக்கு நடுவே கைபேசியில் எழுதி, தனக்கென்று வாசகர் வட்டத்தை உண்டாக்கிக்கொண்டவர்கள் பலர். இவர்களை 'சீரியஸ்' எழுத்தாளர்கள் சிலர் ஏளனமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாரத்துக்கு நான்கு அத்தியாயம் தவறாமல் கொடுப்பது ஒழுங்கு.

ஆனால் அந்த ஒழுங்கே கழுத்தில் கயிறாகவும் ஆகும். தொடர் வாசகர் நாள்தோறும் அடுத்த பகுதியைக் கேட்பார். கையில் ஒன்றும் இல்லாமல் அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறவர் காய்ச்சலில் படுத்தால் தொடர் நின்றுவிடும். குறைந்தது பத்து அத்தியாயம் எழுதி முடித்த பிறகே முதல் அத்தியாயத்தை வெளியிடுங்கள். அந்தப் பத்து எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். பின்னூட்டத்தில் வாசகர்கள் சொல்வதைக் கேட்டுக் கதையை அங்கேயே திருப்பும் ஆசையும் இதனால் அடங்கும்.

கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு 2016 டிசம்பரில் வழி திறந்தது. யாருடைய தயவும் இல்லாமல் நீங்களே மின்னூல் வெளியிடலாம். இதில் ஒரு விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். 'செலக்ட்' என்ற திட்டத்தில் நூலைச் சேர்த்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கு ஏற்பப் பணம் வரும். இந்திய விற்பனையில் 70 விழுக்காடு ராயல்டி பெறவும் இதில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் 35தான். அதற்கு ஈடாக 90 நாளுக்கு அந்த நூல் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவிலும் கூடாது, பிரதிலிபியிலும் கூடாது. மாதிரிக்காக 10 விழுக்காடு வரை வைத்துக்கொள்ளலாம். அச்சு நூலுக்குத் தடை இல்லை. 90 நாள் முடிந்ததும் நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகவே நீண்டுகொண்டு போகும். எனவே தளத்தில் தொடராக எழுதிய நாவலைக் கிண்டிலில் ஏற்றும் முன், தளத்தில் உள்ள அத்தியாயங்களை எடுத்துவிட வேண்டும், அல்லது செலக்டில் சேராமல் குறைந்த ராயல்டிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். இலக்கியக் கட்டுரைத் தொகுப்புக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன், ஏனென்றால் கட்டுரை தேடுபொறியில் கிடைப்பதுதான் முக்கியம். பக்கம் பக்கமாகப் புரட்டப்படும் துப்பறியும் நாவலுக்கு முதலாவது.

செயலிகள் கதை கேட்டு வரும்போது ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. எழுத்தாளருக்கு வாழ்நாளும் அதன் பிறகு 60 ஆண்டும் உரிமை தருகிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த எல்லைக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அந்தச் சட்டம் கொள்ளும். ஆகவே 'நிரந்தரமாக', 'உலகம் முழுதும்', 'எல்லா வடிவங்களிலும்' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் நிறுத்திக் கேளுங்கள். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை மின்னூல் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

குரலும் வாட்ஸப்பும்

பவா செல்லதுரை கதை சொல்லும் காணொளிகளைப் பார்த்துவிட்டு யூடியூப் தொடங்க நினைப்பவர்கள் உண்டு. அவருக்குக் கதை சொல்வது ஒரு கலை. கூட்டத்துக்கு முன் நின்று பேசிப் பழகிய குரல் அது. எழுதுகிறவர் எல்லோருக்கும் அது வாய்க்காது. பத்து நிமிடக் காணொளியை வெட்டி ஒட்ட ஒரு மாலை முழுக்கப் போய்விடும். இலக்கியக் கூட்டங்களில் நீங்கள் பேசுவதை ஸ்ருதி டிவி போன்றவர்கள் பதிவு செய்து வெளியிடுகிறார்கள். அந்த உரையைத் தயாரிப்பதில் நேரத்தைப் போடுங்கள், சுட்டியை உங்கள் தளத்தில் வையுங்கள். அது போதும்.

மின்னஞ்சல் கடிதம் வெளிநாட்டுத் தமிழர்களிடம் நன்றாக வேலை செய்கிறது. சப்ஸ்டாக்கில் இலவசமாகத் தொடங்கலாம், சேர்ந்தவர்களின் முகவரிப் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கட்டணச் சந்தாவில் 10 விழுக்காடு அவர்களுக்கு. பணம் ஸ்ட்ரைப் வழியாக வர வேண்டும், இந்தியாவிலிருந்து புதிதாக அந்தக் கணக்குத் திறப்பது கடினம். எனவே இங்கே இருப்பவர்கள் அதை வருமானத்துக்காக நம்ப வேண்டாம். உள்ளூர் வாசகருக்கு வாட்ஸப்தான். அலைபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். அது குறையாகத் தோன்றும். ஆனால் எண்ணைச் சேமித்தவர் உங்கள் எழுத்தை விரும்புகிறவர். மாதம் இரண்டு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். குழு மட்டும் தொடங்காதீர்கள். காலை வணக்கப் படங்களை அகற்றுவதே ஒரு வேலையாகிவிடும்.

காலை யாருடையது?

இனி நடைமுறை. எழுதும் கணினியில் இணைய இணைப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். அகராதி வேண்டுமென்றால் புத்தகமாக மேசையில் வையுங்கள். தகவல் சரிபார்க்க வேண்டிய இடத்தில் ஒரு குறி போட்டுவிட்டு மேலே போங்கள், மாலையில் சேர்த்துப் பாருங்கள்.

தட்டச்சில் மெதுவாக இருப்பவர்கள் ஒரு மாதம் ஒதுக்கித் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999இல் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் வரும். 'அம்மா' என்று அடிக்க ஆங்கில எழுத்துகளை யோசிக்க வேண்டாம். புள்ளி பல இடங்களில் தானாகவே விழும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பிறகு கிடைக்கும் வேகம் எந்தத் தளமும் தராத நேரம்.

எதையும் தளத்தின் பெட்டிக்குள் நேரடியாக எழுதாதீர்கள். உங்கள் கணினியில், ஒருங்குறியில், ஆண்டு வாரியாகக் கோப்புறை போட்டு எழுதிவிட்டு நகலெடுத்து ஒட்டுங்கள். பதிப்பகத்துக்காகப் பழைய எழுத்துருவில் மாற்றிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒருங்குறிக் கோப்பை அழித்தவர்கள் பிறகு படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். முக்கியமான கட்டுரைகளின் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் 'வேபேக் மெஷினில்' கொடுத்துச் சேமித்துவையுங்கள். உங்கள் தளம் போனாலும் அங்கே ஒரு நகல் இருக்கும்.

பதில் சொல்லும் வேலைக்கு வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். புதன் ஏழு முதல் எட்டு வரை என்று வைத்துக்கொண்டால் கடிதம், பின்னூட்டம், பகிர்வு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள். தாமதமாகப் பதில் வந்ததற்காக நல்ல வாசகர் யாரும் கோபித்துக்கொண்டதை நான் கண்டதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று எண்களை மட்டும் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்த படைப்புகள் எத்தனை, படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர் எத்தனை பேர், புத்தகம் வாங்கியவர் எத்தனை பேர். பின்தொடர்வோர் எண்ணிக்கை ஏறி முதல் எண் இறங்கியிருந்தால், அந்தத் தளத்தில் செலவிடும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் என்ன ஆகிறதென்று பாருங்கள்.

அந்த ஆசிரியைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் பெயரில் ஒரு தளம், எழுதும் கதை முதலில் இதழுக்கு, முகநூலில் வாரம் ஒரே ஒரு பதிவு, அதுவும் சுட்டியோடு. யூடியூப் வேண்டாம், இன்ஸ்டாகிராம் வேண்டாம். நாற்பது பேர் வாங்கினார்கள் அல்லவா, அவர்கள் யார் யாரென்று கண்டுபிடித்து அவர்களுடைய எண்ணையும் மின்னஞ்சலையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த தொகுப்பின் முதல் வாசகர்கள் அவர்கள்.

நீங்களும் இன்றிரவு இரண்டு காரியம் செய்யுங்கள். இதுவரை எழுதிய தளங்களின் அமைப்புப் பகுதிக்குப் போய் உங்கள் பதிவுகள் எல்லாவற்றையும் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கைபேசியை அடுத்த அறையில் மின்னேற்றப் போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு ஒரு பழைய மணிக்கடிகாரத்தில் அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள்.